சலவைத் துறையும் சரக்குக் கிடங்கும்

சிங்கப்பூர் நகரின் நடுவே, ஆர்ச்சர்ட் சாலையும் பிராஸ் பாசா சாலையும் சந்திக்கும் பகுதிக்கு டோபி காட் என்று பெயர். டோபி என்றால் இந்தி மொழியில் சலவைத் தொழிலாளி. காட் என்றால் நீர்த்துறை. சலவைத் துறை என்பதே அந்தப் பெயரின் பொருள். இன்று அங்கே துறையும் இல்லை, உலரும் துணியும் இல்லை. 1987-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஒரு நிலத்தடி இரயில் நிலையம் இருக்கிறது. 2003-லும் 2010-லும் மேலும் இரண்டு பாதைகள் வந்து சேர்ந்தன. இப்போது மூன்று பாதைகள் அங்கே கூடுகின்றன. தொழில் போய்விட்டது, பெயர் மட்டும் நிலையப் பலகையில் நிற்கிறது.

அந்தப் பெயரைக் கொண்டு இன்றைய உரையில் நாம் ஒரு வேலையின் வரலாற்றைப் பார்க்கப் போகிறோம். கிடங்கில் குவிந்து கிடக்கும் சரக்குகளிலிருந்து இன்னாருக்கு இன்னது என்று எடுத்துச் சேர்த்துக் கொடுக்கும் வேலை அது. சரக்கெடுப்பு என்று அதனைச் சொல்லிக்கொள்வோம். நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது நகரங்களுக்குப் போய்ப் பண்டசாலைகளில் செய்துவரும் வேலையும் இதுதான்.

1819-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைத்தபோது, அவர்களோடு இந்தியச் சிப்பாய்களும் வந்தார்கள். படை வந்தால் அதன் பின்னே பால்காரரும் சலவைக்காரரும் வருவது அந்நாளைய வழக்கம். வடநாட்டிலிருந்தும் தென்னாட்டிலிருந்தும் வந்த சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பாசா என்னும் நன்னீர் ஓடையில் துணி துவைத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினார்கள். பிராஸ் பாசா என்பது ஈர அரிசி எனப் பொருள்படும் மலாய்ச் சொல். தமிழர் பேச்சில் அந்த இடத்துக்கு வண்ணான் தெரு என்றும் ஒரு பெயர் இருந்தது. பக்கத்திலேயே ஒரு சிவன் கோயிலும் இருந்தது. இரயில் பாதை அமைப்பதற்காக 1983-ல் அக்கோயில் அங்கிருந்து பெயர்க்கப்பட்டது. இன்று கேலாங் ஈஸ்ட் பகுதியில் இருக்கிறது. ஓடையும் கால்வாயாகி, பெரும்பாலும் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது.

டோபி என்ற சொல் நமக்குப் புதிதன்று. இலங்கை மலையகத் தோட்டங்கள் பலவற்றில் டோபிக்கென்றும் நாவிதருக்கென்றும் தொழிலாளர் சம்பளத்தில் ஒரு தொகை பிடித்துக் கொடுப்பது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. லயத்துக்கு லயம் மூட்டை கட்டிக்கொண்டு போன அந்த மனிதரை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். ஆனால் அவர் செய்த வேலையின் கடினமான பகுதி எது என்று கேட்டால், கல்லில் அடித்துத் துவைப்பதுதான் என்று சொல்லிவிடுவோம். அதைவிடக் கடினமான ஒன்று இருந்தது.

இருபது வீட்டுத் துணி ஒரு நாளில் துறைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தனித்தனியே ஊறவைத்து, தனித்தனியே வெள்ளாவி வைத்து, தனித்தனியே கஞ்சி போட்டால் இருபது அடுப்பு வேண்டும், விறகும் நாளும் போதா. ஆகவே வெள்ளைத் துணி எல்லாம் ஒரு பக்கம், சாயத் துணி ஒரு பக்கம், அழுக்கு மிகுந்தவை ஒரு பக்கம் என்று கலந்துதான் வெளுக்கவேண்டும். கலந்தாயிற்று, மாலையில் ஒரே மாதிரியான நூறு வெள்ளை வேட்டிகள் புல்வெளியில் கிடக்கின்றன. இவற்றில் எது யாருடையது? ஒன்று மாறினாலும் இரண்டு வீட்டில் வழக்கு வரும். தொலைந்த துணிக்குப் பணமும் தொழிலாளியின் கூலியிலிருந்தே போகும்.

இந்தச் சிக்கலைத் தீர்த்தது ஒரு சிறு குறி. சேங்கொட்டை என்னும் காட்டுக் கொட்டையின் சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்து, துணியின் ஓரத்தில் ஒரு புள்ளியோ கோடோ இட்டுவிடுவார்கள். அந்தச் சாறு காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும். எத்தனை முறை துவைத்தாலும் அழியாது. இரண்டு புள்ளி ஒரு வீடு, ஒரு புள்ளியும் ஒரு கோடும் இன்னொரு வீடு. எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய முகவரி அது. இந்தியா முழுவதும் சலவைத் தொழிலாளரிடம் வழங்கிய முறை இது. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளம் எழும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சிலருக்குச் சட்டையில் குறியிட்ட இடம் உடலில் படும் இடத்தில் தடிப்பு உண்டாயிற்று. அதைப்பற்றி மருத்துவர்கள் 1943-ல் எழுதினார்கள். அணிந்தவருக்கே அப்படியென்றால், நாள்தோறும் கொட்டையைக் கையாண்டவர் விரல்கள் என்ன பட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இனிக் கிடங்குக்கு வருவோம். கிடங்கு என்னும் நம் சொல்லோடு உறவுடையதே மலாய் மொழியின் குடாங் என்றும், அதிலிருந்து ஆங்கிலேயரின் கோடவுன் வந்தது என்றும் மொழி அறிஞர் கூறுவர். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் இத்தகைய கிடங்குகள் வரிசையாக நின்றன. கப்பலிலிருந்து கிடங்குக்குச் சரக்கு ஏற்றி இறக்கிய படகோட்டிகளில் தொடக்க காலத்தில் பெரும்பாலோர் சூலியர் எனப்பட்ட தென்னிந்தியர். அந்நாளில் மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்தது. மூட்டை மூட்டையாகவே போயிற்று. 1972 சூன் மாதத்தில் தஞ்சோங் பகார் துறைக்கு முதல் கொள்கலக் கப்பல் வந்தது. இரும்புப் பெட்டிக்குள் பூட்டிய சரக்கு துறைமுகத்தில் பிரிக்கப்படாமல் நேரே தொலைவிலுள்ள பண்டசாலைக்குப் போகத் தொடங்கியது. பிரிக்கும் வேலை துறைமுகத்திலிருந்து பண்டசாலைக்கு மாறியது. பின்னர் வீட்டிலிருந்தே பொருள் கேட்டு வாங்கும் காலம் வந்தபோது, ஒருவருக்கு ஒரு சோப்பு, இன்னொருவருக்கு இரண்டு சட்டை என்று சரக்கெடுப்பு நுணுகிப்போயிற்று.

இந்த வேலையில் பெருஞ்செலவு எது? சரக்கைத் தூக்குவதன்று, நடப்பது. சரக்கெடுப்பவர் வேலைநேரத்தில் ஏறத்தாழப் பாதி நடையிலேயே கழிகிறது என்பது பண்டசாலைப் பொறியியல் நூல்களின் கணக்கு. ஆகவே முறையைத் தேர்வது என்பது நடையைக் குறைக்கும் வழியைத் தேர்வதாகும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கிடங்கை ஒருமுறை சுற்றிவர 300 அடி வைக்கவேண்டும். இருபது பேர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் மூன்று பொருள். ஒருவர் பட்டியலை முடித்துவிட்டு அடுத்தவர் பட்டியலை எடுத்தால் இருபது சுற்று, அதாவது 6000 அடி. பத்துப் பேர் பட்டியலை ஒன்றாக்கி, ஒரே தள்ளுவண்டியில் எடுத்து வந்தால் இரண்டே சுற்று, 600 அடி. ஆனால் வந்து சேர்ந்த அறுபது பொருளையும் இருபது பெட்டிக்குப் பிரித்துப் போடவேண்டும். மிச்சமான நடை, பிரிக்கும் வேலையாக ஓரளவு திரும்பி வருகிறது. தவறினால் ஒருவருக்கு வேண்டாதது போகும், மற்றவருக்கு வேண்டியது போகாது. டோபி காட்டில் நூறு வேட்டிகளின் முன் நின்றவரின் கவலை இதுவேயன்றோ?

மூன்றாவது முறை ஒன்று உண்டு. அதை நம் மக்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. கொழுந்து எடுக்கும் மலையில் நிரை பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் மலை முழுவதும் ஓடுவதில்லை. அதுபோலக் கிடங்கையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஒருவர் என்று நிறுத்திவிட்டால், அவர் தம் பகுதிச் சரக்கை எடுத்துப் பெட்டியை அடுத்தவரிடம் தள்ளுவார். இடம் பழகிப்போவதால் கண் தேடாது, கை தானே போகும். குறையும் உண்டு: ஒரு பகுதியில் சரக்குக் குவிய, மற்றப் பகுதியினர் கைகட்டி நிற்க நேரும். ஒரு நிரையில் கொழுந்து தளதளவென்று நிற்க, அடுத்த நிரை வங்கியாய்க் கிடப்பதை நாம் பார்த்ததில்லையா?

மும்பை நகரின் டப்பாவாலாக்கள் இந்த இரண்டு முறைகளையும் சேர்த்தார்கள். 1890-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய வேலை அது. வீட்டிலிருந்து எடுத்த சோற்றுப் பாத்திரங்கள் இரயில் நிலையத்தில் ஒன்றாகக் கூடும். இறங்கும் நிலையத்தின்படி பிரியும். அங்கிருந்து கட்டடத்தின்படி மறுபடியும் பிரியும். ஒவ்வொருவரும் தம் பகுதிக்கு மட்டுமே பொறுப்பு. பாத்திரத்தின் மூடியில் வண்ணமும் எண்ணும் எழுத்துமாகத் தீட்டிய குறியே வழிகாட்டி.

இவற்றில் எந்த முறை நல்லது என்று கேட்டால் ஒரே விடை இல்லை. ஒருவர் கேட்பதே ஒரு வண்டி நிறைய இருந்தால், அவருடையதைத் தனியே எடுப்பதே நலம். பெரிய மூட்டையைத் தனியே வெளுப்பது போல. பலர் கேட்டு, ஒவ்வொருவரும் சிறிதே கேட்டால் கலந்து எடுத்துப் பிறகு பிரிப்பது இலாபம். கிடங்கு பெரிதாக, ஆட்களும் பலராக இருந்தால் பகுதி பிரிப்பது பொருந்தும். எந்த முறையானாலும், அடிக்கடி கேட்கப்படும் சரக்கு வாசலருகே இருக்கவேண்டும். கூட்டுறவுக் கடையில் அரிசியும் மாவும் தராசுக்குப் பக்கத்திலேயே இருப்பதன் காரணம் அதுதான். இத்தனைக்கும் மேலாகக் குறி தெளிவாக இருக்கவேண்டும். குறி இல்லாதவன் கலக்கக்கூடாது.

அந்தக் குறி இன்று வேறு உருவம் எடுத்திருக்கிறது. சோப்புக்கட்டியிலும் பிஸ்கட் பொட்டலத்திலும் நாம் காணும் கறுப்புக் கோடுகள், 1974 சூன் 26-ஆம் நாள் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் ஒரு கடையில் முதன்முதலாக இயந்திரத்தால் படிக்கப்பட்டன. விலைபோன பொருள் ஒரு சூயிங்கம் பொட்டலம். புள்ளியும் கோடும் இட்ட சலவைக்காரரின் குறிக்கும் அதற்கும் வேலை ஒன்றுதான்: கூட்டத்தில் கலந்த பொருளுக்கு அடையாளம் கொடுப்பது. அதைப் படிப்பது மட்டும் கண்ணிலிருந்து கருவிக்கு மாறியது.

காலக்கெடுவும் இந்த வேலையின் பகுதி. திருக்குறிப்புத்தொண்ட நாயனாரின் கதையை நாம் கோயிலில் கேட்டிருக்கிறோம். காஞ்சியில் அடியாரின் ஆடைகளை வெளுத்துக் கொடுத்த அவரிடம், பொழுது சாய்வதற்குள் தரவேண்டும் என்ற உறுதியோடு ஒரு முதியவர் கந்தையைக் கொடுத்தார். அன்று மழை பிடித்து விடவில்லை. சொன்ன சொல் தவறிற்றே என்று தம் தலையைத் துவைகல்லில் மோதச் சென்றார். இறைவன் கரம் தடுத்தது. பக்திக் கதைதான், ஆனாலும் தொழிலாளி பார்க்கும்போது அதில் இன்னொன்றும் தெரியும். மழையை அவர் வரவழைக்கவில்லை; பழியை மட்டும் தாமே ஏற்றார்.

இன்றைய பண்டசாலையில் அந்தக் கேள்வி மறுபடியும் எழுகிறது. கையிலுள்ள கருவி அடுத்த சரக்கு எங்கே என்று சொல்கிறது; எத்தனை நொடியில் எடுத்தார் என்றும் எண்ணுகிறது. 2012-ல் அமேசான் நிறுவனம், கீவா என்னும் இயந்திர நிறுவனத்தை வாங்கிய பிறகு, அதன் பண்டசாலைகள் பலவற்றில் அலமாரிகளே தொழிலாளியிடம் நகர்ந்து வரத் தொடங்கின. நடை குறைந்தது, நின்ற இடத்தில் ஒரே அசைவை நாள் முழுவதும் செய்யும் சுமை கூடியது. கிடங்கின் அமைப்பு தவறாக இருந்து தாமதம் நேர்ந்தால், அந்தக் கணக்கு எடுப்பவர் பெயரில்தான் ஏறுகிறது. நல்ல முறை என்பது நடையைக் குறைக்கவேண்டும். நடையைக் குறைக்காமல் ஆளை விரைவுபடுத்துவது முறையாகாது. மேடு பள்ளம் பாராமல் எல்லா நிரைக்கும் ஒரே கிலோக் கணக்குக் கேட்பது நியாயமா என்று மலையில் நாம் கேட்கும் கேள்வியே கிடங்குக்கும் பொருந்தும்.

ஆகவே பண்டசாலை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் சில கேள்விகளைச் சொல்லி அனுப்புவோம். சரக்கைத் தனித்தனியே எடுக்கிறார்களா, கலந்து எடுக்கிறார்களா? கலந்தால் பிரிக்கும் நேரத்தையும் வேலையாகக் கணக்கிடுகிறார்களா? குறி தெளிவாக இருக்கிறதா? அடிக்கடி போகும் சரக்கு அருகில் இருக்கிறதா? இவற்றைக் கேட்கத் தெரிந்தவரை வெறும் கையாள் என்று ஒதுக்க முடியாது. முறை வகுக்கும் இடத்தில் அவர் சொல்லுக்கும் மதிப்பு உண்டாகும்.

டோபி காட்டில் துவைத்தவர்களைத் தாழ்ந்த தொழிலினர் என்று உலகம் ஒதுக்கியது. ஆனால் எங்கே கலப்பது, எங்கே பிரிப்பது, எதைக் கொண்டு அடையாளம் காண்பது என்னும் மூன்று கேள்விகளுக்கும் அத்தொழில் விடை கண்டிருந்தது. பொறியியல் கல்லூரியில் இன்று படிப்பாகச் சொல்லித்தரப்படுவதை, கொப்புளம் கண்ட விரல்கள் ஒரு கொட்டையின் சாற்றால் எழுதிவைத்திருந்தன.