வாட்ச் டயலில் கடையின் பெயர்: மதிப்பு கூடுமா, அழகு கெடுமா?

வீட்டில் தாத்தாவின் பழைய வாட்ச் இருக்கிறதா? டயலில் கம்பெனி பெயரோடு, விற்ற கடையின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படிச்சிடுங்க.

கடை பெயர் எப்படி டயலுக்கு வந்தது?

நூறு வருடத்துக்கு முன்பு வாட்ச் வாங்கியவர்கள் பெரும்பாலும் நம்பியது உள்ளூர்க் கடைக்காரரைத்தான். சுவிட்சர்லாந்தில் செய்தவர் யார் என்பது பலருக்குத் தெரியாது. 'ரோலெக்ஸ்' பெயரை 1908இல் பதிவு செய்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப்கூட, பிரிட்டிஷ் கடைக்காரர்களின் எதிர்ப்பை மீறி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதை டயலில் ஏற்ற முடிந்தது.

பிராண்டுகள் பெரிதானதும் நிலைமை மாறியது. சில முக்கியக் கடைகளின் பெயர் மட்டும் பிராண்ட் பெயரோடு சேர்ந்து வந்தது. நியூயார்க்கின் டிஃபனி, மிலானின் கோபி, வெனிசுவேலா தலைநகர் கராகஸின் செர்பிகோ இ லைனோ இதில் பிரபலம். நம்ம மவுண்ட் ரோடு பி.ஓர் அண்ட் சன்ஸ் கடையின் பெயரும் 'மெட்ராஸ்' என்ற ஊர்ப் பெயரும் தாங்கிய பழைய பாக்கெட் வாட்சுகளும் உண்டு.

ஒரு பெயருக்கு எவ்வளவு விலை?

படேக் பிலிப்பும் டிஃபனியும் 1851 முதல் கூட்டாளிகள். 170 வருட உறவைக் கொண்டாட, 2021 டிசம்பரில் இரு பெயரும் உள்ள நாட்டிலஸ் 5711 மாடலில் 170 வாட்சுகள் வந்தன. கடை விலை சுமார் 52,000 டாலர். அதில் ஒன்று ஏலத்தில் போன விலை 65 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 49 கோடி ரூபாய்!

ஆனால் இதை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டிஃபனியின் அடையாளமான நீல நிற டயல், அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் ஏலம் என்று வேறு காரணங்களும் சேர்ந்தே விலையை ஏற்றின.

சேகரிப்பாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஆதரிப்பவர்களுக்கு அந்த ஒரு வரி ஒரு வரலாறு. வாட்ச் எந்த ஊரில், யார் கையால் விற்கப்பட்டது என்று சொல்கிறது, எண்ணிக்கையும் குறைவு.

எதிர்ப்பவர்களோ, "டயல் என்ன விளம்பரப் பலகையா?" என்று கேட்கிறார்கள். உள்ளே ஓடும் மெஷின் ஒன்றுதான், பிறகு எதற்குக் கூடுதல் விலை என்பது அவர்கள் வாதம். இவர்களுக்கு நடுவில், 'பழசில் இருந்தால் ஓகே, புதுசில் வந்தால் வெறும் மார்க்கெட்டிங்' என்பவர்களும் உண்டு.

உங்களுக்கு இதில் என்ன?

ரெண்டு விஷயம். முதலாவது, போலி. அசல் வாட்சிலேயே பின்னாளில் ஒரு வரி அச்சடித்து விலையை ஏற்றுவது சுலபம். படேக் பிலிப் தன் ஆவணங்களிலிருந்து தரும் சான்றில் தயாரான காலமும் விற்ற தேதியும் இருக்கும். கடை பெயர் வழக்கமாக இருக்காது. அதனால் பழைய பில், பெட்டி, போட்டோ கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவராக இருந்தால் அவற்றைக் கேளுங்கள்.

இரண்டாவது, ரீடயல். மங்கிய டயலைத் துடைத்தெடுத்து, புது பெயின்ட் அடிப்பது நம் ஊர்களில் சகஜம். அப்போது கடையின் பெயரும் சேர்ந்தே அழிந்துபோகும். திரும்ப எழுதினாலும் சேகரிப்பாளர்கள் அதை அசலாக ஏற்க மாட்டார்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது டயலை போட்டோ எடுத்துக்கொண்டு, "மெஷினை மட்டும் பாருங்க, டயலைத் தொடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.