மட்டக்களப்புப் பறங்கியர் மொழியும் மறைந்துபோன ஒரு வினைவடிவமும்

1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவிற் கோட்டை எழுப்பினர். அக்காலத்திற் போர்த்துக்கல் ஸ்பானிய மன்னரின் முடியாட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நிலை 1580 முதல் 1640 வரை நீடித்தது. 1638இல் ஒல்லாந்தர், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து அக்கோட்டையைக் கைப்பற்றினர். பத்தாண்டு ஆட்சி போயிற்று, மொழி போகவில்லை. ஒல்லாந்தர் காலத்தும் ஆங்கிலேயர் காலத்தும் அது பறங்கியர் வீடுகளில் நிலைபெற்றது. மட்டக்களப்பில் அதைப் பேணியோர் பெரும்பாலும் தச்சர், கொல்லர் முதலிய கைவினைஞர் என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இம்மொழியைப் பற்றி எழுந்த முதல் நூல்களுள் ஒன்று பெரெஞ்சர் என்பார் 1811இல் வெளியிட்ட இலக்கணம். அதன் தலைப்பே இதனைச் ‘சிதைந்த போர்த்துக்கேயம்’ என்று குறிக்கின்றது. சிதைவு என்ற தீர்ப்புக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று வினைமுற்று விகுதிகளின் இழப்பாகும். அவற்றுள் நுட்பமானதொன்றை மட்டும் இங்கு ஆராய்வோம்.

நடவாததை, அல்லது நடக்குமோ என்று ஐயுறுவதை, ‘இப்படி இருந்தால்’ என்று எண்ணிக் கூறுதற்கு ஐபீரிய மொழிகளில் தனி வினைவடிவம் உண்டு. ஸ்பானியத்தில் ஒழுங்கான வினைகளுக்கு அதை ஆக்கும் முறை எளிது. இறந்தகாலப் படர்க்கைப் பன்மையை எடுத்து, ஈற்றிலுள்ள ‘ரோன்’ என்பதை நீக்கி, ‘ரா’ அல்லது ‘சே’ சேர்க்க வேண்டும். ‘பேசினர்’ எனப் பொருள்படும் ‘அப்லாரோன்’ என்பது ‘அப்லாரா’ ஆகும்; ‘உண்டனர்’ என்னும் ‘கொமியெரோன்’ என்பது ‘கொமியெரா’ ஆகும். போர்த்துக்கேயம் இப்பொருளுக்குச் ‘சே’ வடிவத்தையே கொண்டது: ஃபலாசே, கொமேசே, பார்த்தீசே. ‘ரா’ அங்கே வேறு பணி செய்கின்றது.

தமிழ் மாணவனுக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. ‘வந்தால்’ என்பதும் ‘வந்த்’ என்னும் இறந்தகால அடியிலே எழுந்ததன்றோ? நடவாததைச் சொல்ல நடந்ததன் வடிவத்தைக் கடன்வாங்குதல் இரு குடும்பத்து மொழிகளுக்கும் பொதுவாயுள்ளது.

மட்டக்களப்புப் பறங்கியர் மொழியில் இந்தச் ‘சே’ வடிவம் வழக்கிலில்லை. ‘நான்’, ‘நீ’, ‘அவர்’ என எழுவாய் மாறினும் வினை மாறாது. ஆயினும் பழைய மூவகை வினைகளின் ஈற்றுயிர்கள் அழியவில்லை: ஃபலா, கொமே, பார்த்தீ. காலத்தை வினைக்கு முன் நிற்கும் சிறுசொற்கள் காட்டும். ‘த ஃபலா’ நிகழ்காலம், ‘ஜா ஃபலா’ இறந்தகாலம், ‘லோ ஃபலா’ எதிர்காலம். ‘லோ’ என்பது ‘பிறகு’ எனப் பொருள்பட்ட ‘லோகோ’வின் குறுக்கம், நிகழக்கூடியதையும் அதுவே சுட்டும். 1970களில் இம்மொழியை ஆராய்ந்த இயன் சிமித், வினை வாக்கிய இறுதியில் நிற்றல், வேற்றுமை உருபுகள் பெயருக்குப் பின் வருதல் முதலியவற்றில் தமிழின் அமைப்பு இதனுள் ஊடுருவியுள்ளமையைத் தெளிவாக்கினார். எனினும் இது தமிழின் நிழலும் அன்று. தமிழ் வினை ‘சொன்னேன்’, ‘சொன்னாய்’ என இடங்காட்டும். பறங்கியர் வினை அதனை ஏற்கவில்லை.

‘சே’ என்னும் விகுதியை இழந்த மொழியைச் சிதைந்தது என்போர் நம் இலக்கணத்தையும் நோக்குதல் நன்று. தொல்காப்பியர் கூறும் வினையெச்ச வாய்பாடுகளுள் ‘செயின்’ உண்டு, ‘செய்தால்’ இல்லை. இன்றைய பேச்சுத் தமிழில் ‘செயின்’ இல்லை; ‘செய்தால்’ ஆட்சி புரிகின்றது. அதனால் தமிழ் சிதைந்தது என்று எவரும் நூலுக்குத் தலைப்பிட்டதில்லை. தச்சனின் மொழிக்கு ஓர் அளவுகோல், புலவனின் மொழிக்கு வேறோர் அளவுகோல்! ஒரு வடிவம் ஆற்றிய பணியை வேறொன்று ஏற்பதே இரு மொழியிலும் நிகழ்ந்தது.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை டச்பார் பறங்கியர் குடியிருப்பைப் பெரிதும் அழித்தது. அதற்கு முன்பே புலம்பெயர்வும், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெற்ற கல்வியும் பேசுவோர் தொகையைக் குறைத்திருந்தன. பின்னர் லிஸ்பன் பல்கலைக்கழகத்து ஊகோ கார்தோசோவும் அவரது குழுவினரும் எஞ்சியோரின் பேச்சையும் பாடலையும் ஒலிப்பதிவாகவும் ஒளிப்பதிவாகவும் திரட்டினர். ‘லோ’வும் ‘ஜா’வும் அப்பதிவுகளில் மட்டக்களப்புக் குரலிலேயே கேட்கின்றன.