இருக்கு, ஆனா தெரியாது!

2009-ம் வருஷம். அக்கா மகள் கல்யாண போட்டோக்கள் எல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தன. பிரிண்ட் போடலாமே என்று ஒரு பிரவுசிங் சென்டருக்கு எடுத்துக்கொண்டு போனேன். பத்து படம் பிரிண்ட் ஆனது. வீட்டுக்கு வந்து நம் கம்ப்யூட்டரில் செருகினால், உள்ளே ஒன்றுமே இல்லை. சுத்தமாகத் துடைத்து வைத்த மாதிரி காலி.

பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்த்தான். "வைரஸ் தின்னுடுச்சு அங்கிள். ஃபார்மட் அடிச்சிட்டா டிரைவாவது மிஞ்சும்." தலையாட்டினேன். அரை நிமிஷத்தில் வேலை முடிந்தது. அப்புறம் அதே டிரைவில் ஒரு சினிமாவையும் காப்பி செய்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து ஆபீஸ் நண்பர் கேட்டார். "காலியா இருந்துச்சே, அதுல எவ்வளவு இடம் பிடிச்சிருக்குன்னு பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கதையே வேறு. போட்டோக்கள் அங்கேதான் இருந்திருக்கின்றன. கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

அது எப்படி சாத்தியம்? கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1974-ல் அமெரிக்காவில் கேரி கில்டால் என்பவர் சிறிய கம்ப்யூட்டர்களுக்காக சிபி/எம் என்றொரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் எழுதினார். அந்தக் காலத்தில் டிஸ்க்கில் இடம் என்பது தங்கம். 'இந்த ஃபைலில் யாரும் எழுதக்கூடாது', 'இது சிஸ்டத்தின் ஃபைல், பட்டியலில் காட்டாதே' என்றெல்லாம் குறித்துவைக்கத் தனியாக இடம் ஏது? பிற்காலப் பதிப்பில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஓர் ஆங்கில எழுத்தைக் குறிக்க ஏழு பிட் போதும். ஒரு பைட்டில் எட்டு பிட் உண்டு. மிச்சமிருக்கிற ஒரு பிட் சும்மாதானே கிடக்கிறது? ஃபைல் பெயரின் கடைசி மூன்றெழுத்து இருக்கிறதல்லவா, அதற்குள்ளேயே அந்தக் குறிப்புகளைச் செருகிவிட்டார்கள்.

1980-ல் சியாட்டிலில் டிம் பேட்டர்சன் என்ற எஞ்சினியர், சிபி/எம் ஜாடையிலேயே இன்னொரு சிஸ்டம் எழுதினார். அதை மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பி.சி. வந்தபோது அதுவே டாஸ் என்ற பெயரில் கூட வந்தது.

நான் பி.காம். எனவே பேரேட்டு பாஷையில் சொல்கிறேன். டாஸ் தன் டிஸ்க்கில் ஒரு பேரேடு வைத்திருக்கிறது. ஒரு ஃபைலுக்கு ஒரு வரி. ஒரு வரிக்கு 32 பைட். முதல் 11 பைட்டில் ஃபைலின் பெயர். பன்னிரண்டாவது பைட்தான் நம் கதாநாயகன். அதில் எட்டுக் கட்டங்கள். டிக் அடிக்கலாம், அடிக்காமலும் விடலாம். முதல் கட்டம் ரீட் ஒன்லி, அதாவது படிக்க மட்டும். இரண்டாவது ஹிட்டன், மறைத்து வை. மூன்றாவது சிஸ்டம். நாலாவது, இது ஃபைல் அல்ல, டிஸ்க்கின் பெயர். ஐந்தாவது, இது ஃபோல்டர். ஆறாவது ஆர்க்கைவ், 'போன பேக்கப்புக்குப் பிறகு இதில் ஏதோ மாறியிருக்கிறது' என்ற அடையாளம். பாக்கி இரண்டும் காலி.

ஹிட்டனும் சிஸ்டமும் முதல் டாஸிலேயே உண்டு. காரணம் நியாயமானது. கம்ப்யூட்டர் எழுந்து உட்காரத் தேவையான இரண்டு ஃபைல்களை, விவரம் தெரியாமல் யாராவது அழித்துவிடக் கூடாது. மற்றவை 1983-ல் டாஸ் 2.0-வில் வந்து சேர்ந்தன. இந்தக் கட்டங்களை மாற்றுவதற்கான அட்ரிப் என்கிற கமாண்ட், 1984-ல் டாஸ் 3.0-வில் வந்தது.

இங்கே ஒன்றை கவனியுங்கள். இதில் எதுவுமே பூட்டு இல்லை. வெறும் சீட்டு. 'தயவுசெய்து தொடாதீர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். யார் ஒட்டினாலும் ஒட்டும். யார் கிழித்தாலும் கிழியும். பெல் லேப்ஸில் பிறந்த யூனிக்ஸ், ஒரே மெஷினைப் பல பேர் பகிர்ந்துகொள்வதற்காக எழுதப்பட்டது. அதனால் ஒவ்வொரு ஃபைலுக்கும் உரிமையாளர் யார், படிப்பவர் யார், எழுதுபவர் யார் என்று ஆரம்பத்திலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். டாஸோ ஒற்றை ஆள் வீடு. ஒரு மேஜை, ஒரு மனிதர். தன்னிடமிருந்து தானே திருட யார் பூட்டு போடுவார்கள்?

சீட்டுதானே என்று மைக்ரோசாஃப்டும் அதை இஷ்டத்துக்கு வளைத்தது. 1995-ல் விண்டோஸ் 95 வந்தபோது, ஃபைலுக்கு நீளமாகப் பெயர் வைக்கலாம் என்றார்கள். பழைய வரியிலோ பதினோரு எழுத்துக்குத்தான் இடம். என்ன செய்வது? அதே பேரேட்டில் கூடுதல் வரிகள் போட்டு, வரிக்கு 13 எழுத்தாக நீளப் பெயரை எழுதினார்கள். அந்த வரிகளில் மட்டும் முதல் நாலு கட்டத்திலும் டிக். ரீட் ஒன்லி, ஹிட்டன், சிஸ்டம், போதாததற்கு டிஸ்க்கின் பெயர் வேறு. எந்த ஃபைலுக்கும் இப்படியொரு ஜாதகம் இருக்க முடியாது. பழைய சாஃப்ட்வேர்கள் பார்த்துக் குழம்பி, நமக்கேன் வம்பு என்று தாண்டிப் போய்விட்டன. கெட்டிக்காரத்தனம்தான், சந்தேகமில்லை.

ஆனால் கெட்டிக்காரர்கள் எதிர்த் தரப்பிலும் உண்டே.

2000-களில் பென் டிரைவ் கைக்குக் கை மாற ஆரம்பித்தது. ஒற்றை ஆள் வீடு சத்திரமாகிவிட்டது. வைரஸ் எழுதியவர்களுக்குக் கொண்டாட்டம். உங்கள் ஃபைல்களை அழிக்கவேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. ஃபோல்டர்களுக்கு ஹிட்டன், சிஸ்டம் என்று இரண்டு டிக். அதே பெயரில், ஃபோல்டர் படத்தை முகமூடியாகப் போட்டுக்கொண்டு வைரஸே உட்கார்ந்துகொள்ளும். போட்டோ என்று நினைத்து நீங்கள் க்ளிக் செய்தால் தீர்ந்தது. சில சமயம் அந்த முகமூடியை மட்டும் ஆன்ட்டி வைரஸ் பிடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது, நான் பார்த்த காலி ஜன்னல்.

சரி, மறைந்த ஃபைல்களைக் காட்டு என்று விண்டோஸில் சொன்னால் காட்டாதா? காட்டாது. ஹிட்டனோடு சிஸ்டமும் சேர்ந்துவிட்டால் அதற்குத் தனி சுவிட்ச். பிராப்பர்ட்டீஸில் போய் ஹிட்டன் டிக்கை எடுக்கலாமென்றால், அந்தக் கட்டம் மங்கிப்போய், கைக்கு எட்டாமல் நிற்கும்.

மருந்து என்னவோ அந்த 1984-ம் வருஷத்துக் கிழவர்தான். முதலில் வைரஸை ஒழியுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கிழித்த சீட்டை அது மறுபடி ஒட்டும். பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, பென் டிரைவின் எழுத்தைப் போட்டு அதற்குள் போங்கள். அட்ரிப், மைனஸ் எஸ், மைனஸ் ஹெச், மைனஸ் ஆர், சாய்கோடு எஸ், சாய்கோடு டி. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓர் இடைவெளி. என்டர். மைனஸ் என்றால் டிக்கை எடு. சாய்கோடு எஸ் என்றால் உள்ளே எத்தனை ஃபோல்டர் இருந்தாலும் புகுந்து பார். சாய்கோடு டி என்றால் ஃபோல்டர்களையும் விடாதே. ஹெச்சை மட்டும் எடுக்கப் பார்த்தால் மசியாது, 'இது சிஸ்டம் ஃபைல்' என்று முறைக்கும். எஸ்ஸையும் சேர்த்தே எடுக்கவேண்டும்.

ஒற்றை வரி. என் போட்டோக்களுக்கும் அது போதுமாயிருந்திருக்கும். நான் ஃபார்மட் செய்தேன். மேலே சினிமாவையும் ஏற்றினேன். கேமரா கார்டை அதற்கு முன்பே அழித்தாயிற்று. அந்தக் கல்யாணத்தில் பாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்த படம் ஒன்று உண்டு. பிரிண்ட் போட்ட பத்தில் அது இல்லை. அடுத்த தை மாசம் பாட்டியும் இல்லை.

இன்றைக்கும் விண்டோஸில் அந்தக் கட்டங்கள் இருக்கின்றன. அட்ரிப்பும் இருக்கிறது. உங்கள் டிரைவ் ஒருநாள் காலியாகத் தெரிந்தால் பதறாதீர்கள். எதையும் அழிக்காதீர்கள், எதையும் புதிதாக ஏற்றாதீர்கள். எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். கல்லாப்பெட்டி காலி, கணக்கில் மட்டும் மூன்று ஜிபி இருப்பு என்றால், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

பி.காம். படித்தவன் முதலில் பார்த்திருக்கவேண்டியது அந்தக் கணக்கைத்தான்.