பெட்டகத்தின் சுவருக்குள் தண்ணீர்

இரும்புப் பெட்டியில் பூட்டிவைத்த கணக்குப் புத்தகத்துக்கு ஆபத்தில்லை என்றுதான் நியூயார்க் வணிகர்கள் நினைத்திருந்தார்கள். 1835 டிசம்பர் 16 இரவு தீ பிடித்தது. ஆறே உறைந்த குளிரில் தீயணைப்போருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. 500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பல பெட்டிகளைத் திறந்தபோது உள்ளே கரிதான் இருந்தது. திருடனை நிறுத்தும் இரும்பு, சூட்டை உள்ளே கடத்திவிடும்.

இரண்டு இரும்புச் சுவர்களுக்கு நடுவே பாரிஸ் சாந்தை நிரப்பிய பெட்டகத்துக்கு 1843இல் டேனியல் பிட்ஸ்ஜெரால்ட் காப்புரிமை பெற்றார். ஆனால், அச்செழுத்து வார்க்கும் ஜேம்ஸ் கானர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அப்படியொன்றைச் செய்து தன் அலுவலகத்தில் வைத்திருந்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளியே தெரியாமல் மறந்துபோன கண்டுபிடிப்பு பிந்தையவரின் உரிமையைப் பறிக்காது என்று 1850இல் தீர்ப்பு. எனக்குக் கானர் மேல்தான் பரிவு.

சாந்து இறுகினால் ஜிப்சம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தீயின் சூடு முதலில் அந்த நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. தண்ணீர் வற்றாதவரை அடுப்பிலிருக்கும் பாத்திரம் தீய்வதில்லையே, அதே கதைதான். நீர் தீர்ந்தபின் உள்ளே சூடு ஏறத் தொடங்கும்.

1906 சான் பிரான்சிஸ்கோ தீயில் இன்னொரு பாடம் கிடைத்தது. தீ அணைந்ததும் அவசரப்பட்டுச் சில பெட்டகங்களைத் திறந்தார்கள். உள்ளே கடும் சூட்டில் இருந்த காகிதம் காற்றுப் பட்டதும் பற்றிக்கொண்டது. அதைக் கண்ட வங்கிக்காரர்கள் பெட்டகங்கள் ஆறும்வரை நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

இன்று சோதித்துத்தான் சான்று தருகிறார்கள். அமெரிக்காவின் யூ.எல். என்ற சோதனை நிறுவனத்தின் தரப்படி ஒரு மணி நேரப் பெட்டகம் 927 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் உலையில் நிற்க வேண்டும். உள்ளே 177 டிகிரியைத் தாண்டக் கூடாது. காகிதம் அதைத் தாங்கும், கணினி வட்டு தாங்காது. வட்டுகளுக்கான வகையில் வரம்பு 52 டிகிரிதான்.

ஆகவே வாங்கும்போது கனத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எத்தனை நேரம், எந்தப் பொருளுக்கு என்று சான்றைக் கேளுங்கள். வீட்டுப் பத்திரத்தோடு பென் டிரைவையும் போட்டுப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஒருமுறை தீயில் நின்ற பெட்டகத்தை மாற்றிவிடுங்கள். அதன் சுவரில் நீர் மிச்சமிருக்காது.