முடிவெடுக்கும் மேசையும் முடிவு வந்து சேரும் கரையும்: உளவியல் – பன்னாட்டு உறவுகள் இணைப் பட்டப்படிப்புக்கு வடசென்னையிலிருந்து ஒரு வாதம்

முன்னுரை

உளவியலையும் பன்னாட்டு உறவுகளையும் ஒரே இளங்கலைப் பட்டமாகப் படிக்கும் ஏற்பாடு ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களில் உண்டு. தமிழ்நாட்டில் உளவியல் பெரும்பாலும் பி.எஸ்சி., அரசியல் அறிவியல் பி.ஏ.; இரண்டுக்கும் துறை வேறு, பாடத்திட்டக் குழு வேறு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதித்தது. ஆனால் இரண்டு பட்டங்களை அருகருகே படிப்பதாலேயே ஓர் இணைப்பட்டம் உருவாகிவிடாது. இரண்டு துறைகளும் சேர்ந்து நின்று பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய ஓர் ஆய்வுப்பொருள் இருக்க வேண்டும். நாடுகளுக்கிடையே எடுக்கப்படும் முடிவு, அதில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு குடும்பத்துக்குள் அச்சமாகவும் காத்திருப்பாகவும் வதந்தியாகவும் எப்படி வந்து இறங்குகிறது என்பதே அந்த ஆய்வுப்பொருள் என்பது இக்கட்டுரையின் வாதம். அதைக் கற்பதற்கு இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, தொழிற்சாலைப் பகுதியைவிடப் பொருத்தமான களம் நம்மிடம் இல்லை.

1. தலைவர்களின் மனம் என்னும் மரபு

இவ்விரு துறைகளும் முன்பே சந்தித்திருக்கின்றன. இர்விங் ஜானிஸ் 1972-இல் வெளியிட்ட நூல், 1961-இன் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பு போன்ற முடிவுகளை எடுத்துக்கொண்டு, ஒத்த கருத்துடைய சிறு குழு தன் ஐயங்களைத் தானே அடக்கிக்கொள்வதை விளக்கியது. எதிரியின் நோக்கத்தைத் தலைவர்கள் எவ்வாறு தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதை இராபர்ட் ஜெர்விஸ் 1976-இல் விரிவாக எழுதினார். இணைப் படிப்பு என்றதும் ஆசிரியர்களின் நினைவுக்கு முதலில் வருபவை இந்த நூல்களே.

இவை அவசியமான நூல்கள். ஆனால் அவற்றின் பார்வை முடிவெடுக்கும் மேசையோடு நின்றுவிடுகிறது. வாஷிங்டனிலோ மாஸ்கோவிலோ உள்ள அறை ஆய்வுக்கு உரியதாகிறது. அந்த அறையில் எடுத்த முடிவால் அல்லற்படும் கரை ஆய்வுக்கு வெளியே போய்விடுகிறது. வெளியுறவுச் செயலராகும் வாய்ப்பு மிக அரிதாகவே உள்ள ஒரு தண்டையார்பேட்டை மாணவிக்கு, தலைவர்களின் மனத்தை மட்டும் கற்றுத்தரும் பட்டம் பிறருடைய வரலாற்றை வேடிக்கை பார்க்கும் பயிற்சியாகவே முடியும்.

இந்தியாவில் வேறொரு மரபும் உண்டு. 1934 ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் பரவிய வதந்திகளைத் திரட்டி ஜமுனா பிரசாத் 1935-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத ஊர்களில், இதைவிடப் பெரிய அழிவு வரப்போகிறது என்ற வதந்திகள் பரவியிருந்தன. லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் தம் அறிவு முரண்பாட்டுக் கோட்பாட்டை முன்வைத்தபோது இந்த ஆய்வைச் சான்றாக எடுத்துக்கொண்டார். உள்ளே அச்சம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஏற்ற காரணத்தை மனம் வெளியே தேடுகிறது என்பது அவர் கண்ட விளக்கம். உலகப் புகழ் பெற்ற அக்கோட்பாட்டுக்கு இந்தியத் தெருக்களில் கேட்ட பேச்சும் ஒரு தூண்டுகோல். விடுதலைக்குப் பின் யுனெஸ்கோவின் திட்டத்தின்கீழ் கார்டனர் மர்ஃபி இந்தியாவில் சமூகப் பதற்றங்களை ஆராய்ந்து 1953-இல் நூல் வெளியிட்டார். பாதிப்பு இறங்கும் இடத்தில் நின்று பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அது தொடரப்படாமல் விட்டுப்போனது.

2. எம்டனும் 1942-உம்

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நோக்கிக் குண்டுகள் வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. சில உயிர்கள் போயின. தாக்குதல் நீண்ட நேரம் நீடிக்கவில்லை. நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே எம்டன் கதையே முடிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சென்னையிலிருந்து ஏராளமானோர் வெளியேறியிருந்தனர். பொருட்சேதத்துக்கும் மக்களின் அச்சத்துக்கும் இருந்த இடைவெளியைப் போர் வரலாறு ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதும் சென்னை மீண்டும் காலியானது. இம்முறை அரசு அலுவலகங்களே உள்மாவட்டங்களுக்குப் போயின. எதிர்பார்த்த படையெடுப்பு வரவில்லை. 1914-இல் மக்கள் குண்டுச் சத்தத்தைக் கேட்டபின் ஓடினார்கள். 1942-இல் அரசே அச்சத்துக்கு முத்திரை குத்தியது. இவ்விரண்டையும் ஒப்பிடும் மாணவர் வதந்தியின் உளவியலையும் படிக்க வேண்டும், இந்தியப் பெருங்கடலில் அன்றிருந்த கடற்படைச் சமநிலையையும் படிக்க வேண்டும். போவதற்குச் சொந்த ஊர் இருந்தவர் யார், அன்றாடக் கூலியை விட முடியாமல் துறைமுகத்தை ஒட்டியே தங்கியவர் யார் என்ற கேள்வி அதன் பிறகுதான் எழும். எந்த ஒற்றைத் துறையும் இக்கேள்வியைத் தனியாக எளிதில் கேட்பதில்லை.

3. ஓர் ஆண்டு, மூன்று காத்திருப்புகள்

2020-ஆம் ஆண்டின் சில மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஜூலையில் காசிமேட்டிலிருந்து பத்து மீனவர்கள் ஒரு விசைப்படகில் கடலுக்குப் போனார்கள். படகு பழுதாகி, ஐம்பது நாட்களுக்கு மேல் வங்கக் கடலில் அடித்துச் செல்லப்பட்டு, செப்டம்பரில் மியான்மர் கடற்படையால் மீட்கப்பட்டது. ஒன்பது பேர் ஊர் திரும்பினர். ஒருவர் திரும்பவில்லை.

அந்த ஐம்பது நாட்களில் ஒரு வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை நுணுகிப் பார்க்க வேண்டும். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லத் தகவல் இல்லை. இறந்தார் என்று சொல்ல உடல் இல்லை. நெற்றிப் பொட்டை அழிப்பதா, தாலியைக் கழற்றுவதா, திதி கொடுப்பதா, விளக்கேற்றிக் காத்திருப்பதா? உறவினர் ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் வேறொன்று சொல்வார். காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள 1872-இன் இந்தியச் சாட்சியச் சட்டம் வகுத்தது ஏழாண்டுக் கணக்கு. குடும்பத்தின் துக்கம் ஒரு கால அட்டவணையிலும் அரசின் ஏடு வேறொரு கால அட்டவணையிலும் நடக்கின்றன.

இந்நிலையைக் குடும்பச் சிகிச்சையாளர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று விளக்கினார். வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களைப் பற்றி 1970-களில் அவர் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது இக்கருத்து. ஆகவே அது பிறப்பிலேயே பன்னாட்டு அரசியலோடு தொடர்புடையது. காசிமேட்டுக் குடும்பத்தின் காத்திருப்பும் அத்தகையதே. கடலோரக் காவற்படையின் தேடல், யாங்கூனிலுள்ள இந்தியத் தூதரகத்தின் பணி, கொரோனாக் காலப் பயணத் தடைகள் ஆகியவையே அக்காத்திருப்பின் நீளத்தை முடிவுசெய்கின்றன. துக்கத்தை மட்டும் அறிந்தவருக்கு அது ஏன் நீள்கிறது என்பது தெரியாது. தூதரக நடைமுறையை மட்டும் அறிந்தவருக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பது தெரியாது.

அதே ஆண்டு ஜூனில் ஜக் ஆனந்த் என்ற கப்பல் ஆஸ்திரேலிய நிலக்கரியுடன் சீனாவின் ஜிங்டாங் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டது. சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான வணிகப் பூசலில் சரக்கை இறக்க வழியில்லை. கொரோனா விதிகளால் ஆள் மாற்றவும் வழியில்லை. இருபத்துமூன்று இந்திய மாலுமிகள் 2021 ஜனவரி வரை அதிலேயே இருந்தார்கள். அப்பூசலில் இந்தியா ஒரு தரப்பே அல்ல. பெருந்தொற்றின் உச்சத்தில், ஒப்பந்தக் காலம் முடிந்தும் இறங்க முடியாமல் உலகெங்கும் தவித்த மாலுமிகள் நான்கு இலட்சம் பேர் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு மதிப்பிட்டது. 2001-இல் நிலக்கரிக்காகவே தொடங்கப்பட்ட எண்ணூர்த் துறைமுகத்தின் அருகில் வாழ்பவர்களுக்கு இது தொலைதேசச் செய்தியாகப் படக் கூடாது.

ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அது 2013-இல் ரோசஸ் என்ற கப்பலில் அங்கு வந்து சேர்ந்த சரக்கு. உரிமையாளர் கைவிட்ட அக்கப்பலின் தலைவரும் மூன்று மாலுமிகளும் 2014-இல் பல மாதங்கள் அதிலேயே முடக்கி வைக்கப்பட்டிருந்தனர். வெடித்த சில நாட்களுக்குள், 2015 முதல் மணலியில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் இருப்பது ஊருக்குத் தெரிந்தது. அம்மாதமே அது ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. ஐந்தாண்டுகளாகப் பக்கத்தில் இருந்த ஆபத்தை மணலி மக்களுக்கு அறிவித்தது பெய்ரூட்டின் பிணக்குவியல். எங்கோ கைவிடப்பட்ட ஒரு கப்பலுக்கும் மணலியில் உறக்கம் தொலைத்த ஓர் இரவுக்கும் இடையே அறுபடாத சங்கிலி இருக்கிறது. அச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்தொடரக் கற்றுக்கொடுப்பதே இணைப்பட்டத்தின் வேலை.

4. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: இரண்டு துறைகளிலும் அரைகுறை அறிவே மிஞ்சும். இதில் உண்மை உண்டு. புள்ளியியலையும் ஆய்வு முறையியலையும் குறைத்தால் உளவியல் வெறும் பேச்சாகும். பன்னாட்டுச் சட்டத்தைக் குறைத்தால் அரசியல் செய்தி வாசிப்பாகும். இவற்றில் கை வைக்காமல், இரு பாடங்களிலும் உள்ள பொது அறிமுகத் தாள்களைக் குறைப்பதே வழி. மேலும், இந்த இளங்கலைப் பட்டம் எவரையும் மருத்துவ உளவியல் பணிக்குத் தகுதியாக்காது. அதற்கான இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவுக்கு மேற்படிப்பும் பயிற்சியும் வேண்டும். சேரும் நாளிலேயே மாணவரிடமும் பெற்றோரிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. அரசியல் அநீதியை மனநோயாக மாற்றிவிடும் ஆபத்து அது. எண்ணூரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு அப்பால், ஐல் ஆஃப் மான் கொடி தாங்கிய பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும் இந்தியக் கொடி தாங்கிய டான் காஞ்சிபுரம் கப்பலும் மோதின. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் படிந்த எண்ணெயைத் தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் வாளிகளால் அள்ளினார்கள். மீன் வாங்கவே மக்கள் தயங்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் மறுபடியும் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறினர்.

இம்மக்களிடம் போய் ‘மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி’ என்று வகுப்பெடுத்தால் அது அவர்களை அவமதிப்பதாகும். வலை முழுக்க எண்ணெய் ஒட்டியவருக்குத் தேவை இழப்பீடு. கப்பல் எரிபொருள் மாசுக்கு யார் பொறுப்பு என்பதை 2001-இன் பன்னாட்டு உடன்படிக்கை வரையறுக்கிறது. பொறுப்பானவரிடம் உரிமை கோரத் தெரிந்திருப்பதும் ஆறுதலே. இணைப்பட்டம் இந்த ஆபத்தைக் கூட்டும் என்று அஞ்சத் தேவையில்லை. அதைத் தடுக்கும் கருவியே இணைப்பட்டம்தான். கொடி நாடு, உரிமையாளர், காப்பீட்டாளர் ஆகியோரைப் படித்த மாணவர், கோபத்தை நோய் என்று குறிக்கமாட்டார். துக்கத்தையும் அதிர்ச்சியையும் படித்த மாணவர், இழப்பீட்டுப் பணம் வந்ததோடு எல்லாம் தீர்ந்தது என்றும் எழுதமாட்டார்.

5. பாடத்திட்டம் எப்படி அமைய வேண்டும்

மூன்று பரிந்துரைகள். முதலாவது, வதந்தி, காத்திருப்பு, இடப்பெயர்வு ஆகிய மூன்றையும் இரு துறை ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் சேர்ந்து நடத்தும் மையத் தாள்களாக்க வேண்டும். இடப்பெயர்வுக்கு வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. 1964-இல் பர்மாவில் நே வின் அரசு கடைகளை அரசுடைமையாக்கியதும் இரங்கூனிலிருந்து (இன்றைய யாங்கூன்) கப்பலேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வியாசர்பாடியிலும் எண்ணூர் பர்மா நகரிலும் வாழ்கிறார்கள். பர்மா பஜாரும் அத்தோ என்னும் பர்மிய உணவுக் கடைகளும் பிழைப்பின் வரலாற்றைச் சொல்கின்றன. இழப்பின் வரலாறு இன்னும் முறையாகக் கேட்கப்படவில்லை. கப்பலேறியபோது சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள்.

இரண்டாவது, களப்பணியை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் விசைப்படகுத் தொழிலாளர் கரையில் இருப்பார்கள். பேச நேரம் இருக்கும். கல்லூரித் தேர்வுக் கால அட்டவணை இதற்கு இடையூறாக இருந்தால் மாற வேண்டியது அட்டவணையே.

மூன்றாவது, நேர்காணல் தமிழில் நடக்க வேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கமாவது தமிழில் எழுதப்பட்டு, பேச்சுக் கொடுத்தவர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தங்கள் துயரைச் சொன்னவர்கள் அது என்னவாயிற்று என்று அறிய உரிமை உள்ளவர்கள்.

முடிவுரை

தலைவர்களின் மனத்தைப் படிக்கும் மரபை இக்கட்டுரை விலக்கவில்லை. அதைப் படிப்பின் தொடக்கமாக வைப்பதையே மறுக்கிறது. பாதிப்பு இறங்கும் கரையில் தொடங்கி முடிவெடுக்கும் மேசைவரை பின்னோக்கிச் செல்லும் பாடமே நம் மாணவர்களுக்குப் பயன்படும். அப்படிப் படித்தவர்கள் மீன்வளத் துறையிலும் துறைமுக நலப் பணியிலும் பேரிடர் மேலாண்மையிலும் தூதரகத் தொடர்புப் பணியிலும் இன்றே தேவைப்படுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகமும் வடசென்னையிலுள்ள கல்லூரிகளும் தங்கள் உளவியல், அரசியல் அறிவியல் பாடத்திட்டக் குழுக்களை ஒரே மேசையில் உட்கார வைத்து, அடுத்த பாடத்திட்டத் திருத்தத்திலேயே இதைத் தொடங்க வேண்டும்.