கஷாபா தாதாசாகேப் ஜாதவ்

கஷாபா தாதாசாகேப் ஜாதவ் (15 ஜனவரி 1926 – 14 ஆகஸ்ட் 1984) இந்திய மல்யுத்த வீரர். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் போட்டியில் முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தின் பாண்டம் எடைப் பிரிவில் (57 கிலோ) வெண்கலம் வென்றார். கே. டி. ஜாதவ் என்ற பெயரில் பரவலாக அறியப்படுகிறார். குட்டையான உடல்வாகும் அதற்குள் அடங்கிய வேகமும் அவருக்குப் ‘பாக்கெட் டைனமோ’ என்ற பட்டப்பெயரைத் தேடித் தந்தன.

இளமை

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், கராட் நகரை அடுத்த கோலேஷ்வர் கிராமத்தில் பிறந்தார். ஐந்து ஆண்மக்களில் இளையவர். தந்தை தாதாசாகேப் ஊரறிந்த பயில்வான் என்பதால், குஸ்திப் பயிற்சி சிறுவயதிலேயே வீட்டில் தொடங்கியது. கராட் திலகர் உயர்நிலைப் பள்ளியில் படித்தபின் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் சேர்ந்தார். மாணவப் பருவத்தில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்திலும் பங்கெடுத்தார்.

கோலாப்பூர் அன்று மராட்டியக் குஸ்தியின் தலைநகரம். சாகு மகாராஜா (ஆட்சிக்காலம் 1894–1922) பயில்வான்களை ஆதரித்துப் போற்றியவர்; காஸ்பாக் மைதானத்தை அதற்கெனவே கட்டுவித்தவர். நகரெங்கும் ‘தாலிம்’ எனப்படும் பயிற்சிக்கூடங்கள் இருந்தன. இந்தச் சூழலில் பாபுராவ் பலாவ்டே, பேலாபுரி குருஜி ஆகியோரிடம் ஜாதவ் பாடம் கேட்டார். எதிராளியின் தலையைக் கைக்குள் இறுக்கிப் பூட்டித் தூக்கி எறியும் ‘டாக்’ என்ற பிடி அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

லண்டன், 1948

ஜாதவின் முதல் ஒலிம்பிக் லண்டனில் நடந்தது. பயணச் செலவைக் கோலாப்பூர் மகாராஜா ஏற்றார். 52 கிலோவுக்கு உட்பட்ட ஃப்ளை எடைப் பிரிவில் களமிறங்கிய ஜாதவ், ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஹாரிஸ், அமெரிக்காவின் பில்லி ஜெர்னிகன் ஆகியோரை வென்றார். ஈரானின் மன்சூர் ரயீசியிடம் தோற்று ஆறாம் இடம் பெற்றார்.

அதுவரை அவர் பழகியதெல்லாம் மண் கோதா. மண் குஸ்தியில் எதிராளியை மல்லாத்தி முதுகு மண்ணில் படச் செய்வதே வெற்றி. அதற்காக நெடுநேரம் பொறுமையாகக் காத்திருக்கலாம். ஒலிம்பிக்கில் விரிப்பின் மீது, நேர வரம்புக்குள், ஒவ்வொரு பிடியையும் நடுவர்கள் மதிப்பிடும் முறையில் மோத வேண்டும். கால் ஊன்றும் விதம் முதல் மூச்சைச் சேமிக்கும் விதம் வரை எல்லாமே மாறும். இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தே அவர் அடுத்த நான்காண்டுப் பயிற்சியை அமைத்துக்கொண்டார்.

ஹெல்சிங்கி, 1952

இம்முறை பயணத்துக்குப் பணம் திரட்டுவதே முதல் போராட்டமாயிற்று. கிராமத்தாரும் நண்பர்களும் தங்களால் இயன்றதைக் கொடுத்தனர். ராஜாராம் கல்லூரியின் முதல்வர் கர்டேகர் தம் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்ததாக ஜாதவின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

கூடுதல் எடைப் பிரிவுக்கு மாறியிருந்த ஜாதவ், கனடாவின் ஏட்ரியன் போலிகன், மெக்சிகோவின் லியோனார்டோ பாசுர்டோ, ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் ஷ்மிட்ஸ் ஆகியோரை வரிசையாக வீழ்த்தினார். ஜப்பானின் ஷோஹாச்சி இஷீயிடமும் சோவியத் ஒன்றியத்தின் ரஷீத் மமத்பெகோவிடமும் தோற்றார். இஷீ தங்கமும் மமத்பெகோவ் வெள்ளியும் பெற, வெண்கலம் ஜாதவுக்குக் கிடைத்தது. அந்த ஒலிம்பிக்கில் ஜப்பான் பெற்ற ஒரே தங்கம் இஷீயுடையது. ஜாதவுடன் சென்ற கோலாப்பூர் வீரர் கேசவ் மாங்காவே ஃபெதர் எடைப் பிரிவில் நான்காம் இடம் பிடித்து, பதக்கத்தை நூலிழையில் தவறவிட்டார்.

ஊர் திரும்பிய ஜாதவை கராட் ரயில் நிலையத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டுவண்டிகளில் ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். பின்னர் அவர் குஸ்திப் போட்டிகள் நடத்தி, திரண்ட தொகையைக் கொண்டு கர்டேகரின் வீட்டை மீட்டுக் கொடுத்தார்.

பிற்கால வாழ்வு

1955இல் ஜாதவ் காவல்துறையில் உதவி ஆய்வாளராகச் சேர்ந்தார். முழங்கால் காயத்தால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் வாய்ப்பு நழுவியது. காவல்துறைக்கு இடையிலான போட்டிகளில் வெற்றி பெற்றதோடு, பிறருக்குப் பயிற்சியும் அளித்தார். நீண்ட காலம் பதவி உயர்வின்றிப் பணியாற்றிய பின்னர் உதவி ஆணையராக ஓய்வு பெற்றார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் சுடர் ஓட்டத்தில் பங்கேற்றார். ஓய்வூதியத்துக்காக அலைய நேர்ந்த அவர், 1984இல் சாலை விபத்தில் உயிரிழந்தார்.

அங்கீகாரம்

வாழ்நாளில் ஜாதவுக்கு அர்ஜுனா விருதோ பத்ம விருதோ வழங்கப்படவில்லை. மறைவுக்குப் பின் மகாராஷ்டிர அரசு சிவ சத்ரபதி விருது அளித்தது. மத்திய அரசின் அர்ஜுனா விருது, அவர் இறந்து 15 ஆண்டுகளுக்கும் மேல் கழித்தே வந்தது. டெல்லி இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்தின் மல்யுத்த அரங்குக்கு 2010 காமன்வெல்த் போட்டியை ஒட்டி அவர் பெயர் சூட்டப்பட்டது. 2023 ஜனவரி 15 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்து சிறப்பித்தது.

பதக்க வரலாற்றில் இடம்

1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் இந்தியாவின் கணக்கில் நார்மன் பிரிட்சார்டு தடகளத்தில் இரண்டு வெள்ளி வென்றிருந்தார். ஜாதவுக்குப் பின் ஓர் இந்தியர் தனிநபர் பதக்கம் பெற 44 ஆண்டுகள் ஆயின. 1996 அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ் டென்னிஸில் வெண்கலம் வென்றார். மல்யுத்தத்தில் அடுத்த பதக்கம் 2008 பெய்ஜிங்கில் சுசில் குமாரால் கிடைத்தது. அதன்பின் நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் இந்தியா மல்யுத்தப் பதக்கம் பெற்றுவருகிறது. 2024 பாரிஸில் அமன் ஷெராவத் வென்றதும் 57 கிலோ பிரிவு வெண்கலமே.