மூட்டம் போட்ட ஊர்களும் புகையில்லா நகரியமும்

பழைய தென்னாற்காடு மாவட்டத்து விருத்தாசலம், பண்ருட்டி, கடலூர் வட்டாரக் கிராமங்களில் வளர்ப்பு விலங்குகளைக் கொசுக்கடியிலிருந்து காக்கப் பரவலாக இருந்த ஏற்பாடு மூட்டம் போடுதல் ஆகும். அந்தி நேரத்தில் தொழுவத்திற்குக் காற்று வரும் பக்கமாகக் காய்ந்த வரட்டியையும் கூளத்தையும் பற்றவைத்து, அது கொழுந்துவிட்டு எரியாதபடி மேலே பச்சை வேப்பந்தழையையோ நொச்சித்தழையையோ போட்டு எழுப்பும் அடர்ந்த புகைக்கே மூட்டம் என்று பெயர். மூச்சுக்காற்றையும் உடல் வாடையையும் மோப்பம் பிடித்து வருகிற கொசுவைப் புகை கொல்வதில்லை. வழி தெரியாமல் தடுமாறச் செய்கிறது, அவ்வளவே. மூட்டம் மாட்டுக்காகப் போடப்பட்டது. தொழுவத்தோரம் சுருண்டு கிடந்த நாய்க்கு அதில் ஒரு பங்கு கேட்காமலே கிடைத்தது. பூனைக்கோ அடுப்பங்கரை இருந்தது. அடுப்பில் பூனை உறங்குவதை வறுமைக்கு அடையாளமாகவே தமிழ் வழக்கு சொல்லிவந்திருக்கிறது. பூனையின் பக்கத்து நியாயத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் கிராமங்களின் நடுவேதான் நெய்வேலி எழுந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்புத் துகள்கள் வெளிப்பட்டதிலிருந்து தொடங்கும் பழுப்பு நிலக்கரியின் கதை, 1956இல் சுரங்க நிறுவனம் பதிவானதையும், 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்ததையும் கடந்து, உண்மையில் தண்ணீரின் கதையாக மாறியது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு தேங்கியிருக்கும் ஊற்றுநீர் மேல்நோக்கிச் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்துவதால், அதை இரவு பகலாக இறைத்து வெளியேற்றாமல் சுரங்கத்தை வெட்ட இயலாது. அவ்வாறு வெளியேறிய நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி போன்ற நீர்நிலைகளை அடைந்து நெல்வயல்களுக்குப் பாய்ந்தது. உழவருக்கு வரமான அந்த நீர், நெல்வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரில் முட்டையிடும் கியூலெக்ஸ் வகைக் கொசுக்களுக்கும் உகந்ததே.

நகரியம் இன்னொன்றையும் மாற்றியது. பழுப்பு நிலக்கரியை அழுத்திக் கரியாக்கிய ‘லெகோ’ கட்டிகள் நெய்வேலியிலிருந்து வீட்டு அடுப்புகளுக்குச் சென்றன. புகை இல்லை என்பதே அவற்றின் சிறப்பு. சமைப்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது பெரிய விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் தொழுவமும் விறகடுப்பும் பின்னுக்குப் போன குடியிருப்பில் விலங்குக்குத் தற்செயலாகக் கிடைத்துவந்த புகையும் அற்றுப்போனது. அதன் இடத்திற்கு வந்த கொசுவத்தி, சாமந்தி இனத்துப் பைரெத்ரம் பூவின் தூளைக் கொண்டு ஜப்பானில் உருவாகி 1902 முதல் சுருள் வடிவில் விற்பனைக்கு வந்த பொருள். அதை மனிதர் படுக்கையறைக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டனர். நாய் வாசலில் இருந்தது.

விலங்குகள் அறிவியலின் கண்ணில் படாமல் இருந்தன என்று இதற்குப் பொருளில்லை. கொசு பரப்பும் யானைக்கால் நோயின் ஆராய்ச்சி நெடுகிலும் நாய் நிற்கிறது. 1872இல் டிமதி லூயிஸ் கல்கத்தாவில் மனித இரத்தத்தில் நுண்புழுக்களை, அதாவது யானைக்கால் புழு ஈனும் இளம் உயிர்களை, கண்டார். 1877இல் பாட்ரிக் மான்சன் சீனத்தின் அமோய் நகரில் அவை கொசுவின் உடலில் வளர்வதைக் காட்டினார். கடிக்கும்போது கொசுவின் உறிஞ்சுகுழல் வழியாகவே புழு வெளியேறுகிறது என்பதை 1900இல் கிராசியும் நோயேயும் இத்தாலியில் உணர்த்தியது நாயின் இதயப்புழுவை வைத்துத்தான். 1947இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டைஎத்தில்கார்பமசின் என்னும் மருந்தைப் பருத்தி எலிகளிலும் இதயப்புழு தாக்கிய நாய்களிலும் சோதித்த பிறகே அது யானைக்கால் மாத்திரையாயிற்று. டி.இ.சி. என்று சுருக்கமாக வழங்கும் அந்த மாத்திரையை ஊரில் எல்லோருக்கும் ஆண்டுக்கொரு முறை ஒரே வேளையாகக் கொடுக்கும் திட்டம் 1990களின் பிற்பகுதியில் கடலூர் மாவட்டத்திற்கு வந்தது. நாயின் உடலில் மதிப்பறியப்பட்ட மருந்து நாய் நீங்கலாக ஊர் முழுவதும் வழங்கப்பட்டதில் தவறேதும் இல்லை: இங்கு யானைக்கால் நோயைத் தரும் பான்கிராஃப்டி புழுவுக்கு மனிதனைத் தவிர வேறு புகலிடம் கிடையாது.

மாட்டின் நிலையும் இதைப் போன்றதே. மதுரையில் அமைந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தினர் விருத்தாசலத்தில் களநிலையம் வைத்து, ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் நெல்வயல் கொசுக்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். அக்கொசுக்கள் பெரும்பாலும் மாட்டின் இரத்தத்தையே குடிக்கின்றன. மாட்டின் உடலில் அந்த வைரஸ் பெருகுவதில்லை. ஆகவே மாடு மனிதனுக்கு ஒரு கேடயம் என்று கருதப்பட்டது. மூட்டம் போட்ட உழவர் மாட்டைக் கொசுவிடமிருந்து காத்தார் என்றால், ஆய்வுநூல்களில் மாடு மனிதனைக் காத்தது. வேப்பம்புண்ணாக்கு பூசிய யூரியாவை வயலிலிட்டு, கொசுப்புழுவைக் குறைக்கும் முயற்சியும் இம்மையத்தாருடையது. தழையாக எரிந்த வேம்பு வேறு வடிவில் வயலுக்குத் திரும்பியது.

நாயின் பொருட்டே நாய்க்கு மருந்து என்ற எண்ணம் பிந்தி வந்தது. தமிழகத்தில் நாயைப் பற்றிய பொதுக் கவலை 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறந்த காலந்தொட்டு வெறிநோயைச் சுற்றியே இருந்தது. மாதம் ஒரு முறை ஐவர்மெக்டின் கொடுத்து இதயப்புழுவைத் தடுக்கும் முறை 1987இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தென்னிந்திய நாய்களில் இதயப்புழுவைவிட மிகுதியாகக் காணப்படுவது தோலுக்கடியில் வாழும் டைரோஃபைலேரியா ரெபன்ஸ் என்னும் உறவுப்புழு. கேரளத்தில் இது கொசுவழியே மனிதரின் கண்ணிலும் தோலிலும் புகுந்த நேர்வுகள் பல. இரத்தத்தில் நுண்புழு உள்ள நாய்க்குச் சோதனையின்றி டி.இ.சி. கொடுத்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் மருந்தைப் பூனையின் கல்லீரலால் முறிக்க இயலாது. சில சொட்டுகள் தடவியதே பூனையைக் கொல்லக்கூடும்.

மனிதரை மட்டும் எண்ணிய கணக்கு எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை. இலங்கையில் 1962இலேயே நாயின் உடலில், யானைக்கால் புழுவுக்கு உறவான புருகியா இனப் புழு ஒன்று விவரிக்கப்பட்டு அந்நாட்டின் பெயரையே பெற்றது. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரச் சிக்கலாக இல்லாதொழிந்தது என 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. சுமார் நாற்பது ஆண்டுகள் காணாமற்போயிருந்து அங்கு மீண்டும் தலைகாட்டிய, யானைக்கால் நோயைத் தரும் மற்றொரு புழுவான புருகியா மலாயியைத் தேடிய ஆய்வாளர்கள் அதை நாய்களிலும் பூனைகளிலும் கண்டனர்.